ஆழமாக்கினார்கள், ஆனால் எதை? எபிரெய வினை ஒன்றைப் பற்றி ஓர் ஐயம்

பனைநிழல் (கேள்வி):

அன்பர்களுக்கு வணக்கம். ஆசிரியர் இல்லாமல், ஓர் இலக்கண நூலையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு, மாலை வேளைகளில் சிறிது சிறிதாக எபிரெயம் கற்று வருகிறேன். வினை வடிவங்களைப் படிக்கத் தொடங்கிய நாளில் என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ‘கல் என்பது தன்வினை, ஹிஃபில் என்பது பிறவினை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். (கல், ஹிஃபில் இரண்டும் எபிரெய வினைவேர் எடுக்கும் அமைப்புகளின் பெயர்கள்.) மாலக் என்றால் அரசாண்டான், ஹிம்லீக் என்றால் அரசனாக்கினான். பா என்றால் வந்தான், ஹேவி என்றால் கொண்டுவந்தான். இந்தச் சூத்திரம் பல மாதங்கள் என்னைக் கைவிடவில்லை. அயின், மேம், கோஃப் என்னும் மூன்று எழுத்துகளால் ஆன வேருக்கு வந்தபோதுதான் முட்டிக்கொண்டது.

இந்த வேரின் பொருள் ‘ஆழமாயிருத்தல்’ என்று அகராதி சொல்கிறது. அப்படியானால் இதன் ஹிஃபிலுக்கு ‘ஆழமாக்குதல்’ என்று பொருள் வரவேண்டும். எரேமியா 49:8-இல் தேதானின் குடிகளை நோக்கி ஹெ-மீக்கூ லாஷெவெத் என்று வருகிறது. (சொல்லின் நடுவே வரும் அயினுக்குத் தமிழில் எழுத்தில்லை, அதைச் சிறுகோடாகக் காட்டியிருக்கிறேன்.) என் சூத்திரப்படி சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘குடியிருக்க ஆழமாக்கினார்கள்’ என்று வருகிறது. எதை ஆழமாக்கினார்கள் என்பதற்கு அங்கே செயப்படுபொருளே இல்லை. போதாக்குறைக்கு, நம் பழைய தமிழ் வேதத் திருப்புதல் இதைப் பதுங்கச் சொல்லும் கட்டளையாகத் தருகிறது. இலக்கண நூலின் அட்டவணையில் பார்த்தால் அது முற்றுப்பெற்ற வடிவம், அதாவது முடிந்த செயலைக் காட்டும் வடிவம். பூதக்கண்ணாடியை வைத்து, ஹே எழுத்தின் அடியில் உயிரொலிக் குறியாக இருப்பது மூன்று புள்ளியா ஒற்றைக் கோடா என்று பலமுறை பார்த்துவிட்டேன். மூன்று புள்ளிதான். ஏவலாக இருந்தால் கோடு அல்லவா இருக்க வேண்டும்?

ஓசியா 9:9 இதைவிடக் குழப்பம். ஹெ-மீக்கூ ஷிஹெதூ என்று இரண்டு வினைமுற்றுகள், நடுவில் ‘உம்’ கூட இல்லாமல், அடுத்தடுத்து நிற்கின்றன: ‘ஆழமாக்கினார்கள் கெடுத்தார்கள்’. இதைப் பெயர்ப்புகளில் தேடினால் ஆழம் என்ற சொல்லையே காணவில்லை, ‘மிகவும்’ என்ற ஒன்றுதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 92-ஆம் சங்கீதத்தில் இதே வேர் கல் வடிவில், முற்றுப்பெற்ற நிலையில் வருகிறது. தமிழில் ‘உமது யோசனைகள் மகா ஆழமானவைகள்’ என்று படிக்கிறோம். வடிவம் இறந்தகாலத்தைப் போல இருக்க, பொருள் எப்படி நிகழ்காலமாகிறது? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாயிருப்பேன்.

வேரடி:

பனைநிழல் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன்; அது எளிதாகத் தீரக்கூடியது, மற்றவற்றுக்கும் அதுவே வாசல்.

ஆமக் செயலைச் சொல்லும் வினை அன்று, நிலையைச் சொல்லும் வினை. வெட்டினான், ஓடினான் போன்றவற்றில் தொடக்கமும் முடிவும் உண்டு. ஆழமாயிருத்தல், பெரிதாயிருத்தல், கனமாயிருத்தல் போன்றவற்றில் அவை இல்லை. எபிரெயம் இத்தகைய நிலைகளை நாம் செய்வதுபோலப் பெயரடையை வைத்துச் சொல்லி முடித்துவிடாமல், முழு வினையாகவே நடத்துகிறது. நிலைவினையின் முற்றுப்பெற்ற வடிவம் இறந்தகாலத்தைக் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. ‘இந்நிலை இருக்கிறது’ என்றே அது பெரும்பாலும் பொருள்படும். சங்கீத வரியை முழுதாக வாசியுங்கள்: மா காதெலூ மஅசேகா அதோனாய், மெஓத் ஆமெக்கூ மஹ்ஷெவோதேகா. காதெலூ, ஆமெக்கூ ஆகிய இரண்டும் நிலைவினைகள், இரண்டும் முற்றுப்பெற்ற பன்மை வடிவங்கள், கவிஞர் அவற்றை எதிரெதிராக வைத்து நெய்திருக்கிறார். முதலாவதைப் ‘பெரியவை’ என்று தயங்காமல் பெயர்க்கும் நாம் இரண்டாவதை மட்டும் ‘ஆழமாயின’ என்று பெயர்க்கக் காரணம் இல்லை.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது புதிதாகவும் இருக்காது. ‘அவன் பெரியன்’, ‘அது நன்று’ என்பவற்றை நம் இலக்கணிகள் குறிப்பு வினைமுற்று என்றார்கள். காலம் அங்கே வெளிப்படையாக இல்லை, இடத்தைக் கொண்டு உணர்ந்துகொள்கிறோம். ஆமெக்கூ என்பதற்குத் தமிழில் நெருங்கிய உறவு ‘ஆழ்ந்தன’ அன்று, ‘ஆழமானவை’தான். பழைய திருப்புதல்காரர்கள் இதில் சரியாகவே செய்திருக்கிறார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை: அச்சிட்ட எபிரெய வேதத்தில் இந்த வசனத்தின் எண் 92:6, தமிழில் 92:5. ‘ஓய்வுநாளின் பாட்டாகிய சங்கீதம்’ என்னும் தலைப்பை எபிரெயம் முதல் வசனமாக எண்ணுவதால் வந்த வேறுபாடு இது. மஹ்ஷெவோத் (யோசனைகள்) பெண்பால், மஅசீம் (கிரியைகள்) ஆண்பால் என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஆனால் வினை இரண்டிலும் ஒரே ‘ஊ’ விகுதிதான், ஏனெனில் முற்றுப்பெற்ற வடிவத்தின் படர்க்கைப் பன்மையில் எபிரெயம் பால் காட்டுவதில்லை.

இனி ஹிஃபில். இந்த வேர் வினையாக எபிரெய வேதத்தில் வருவது மொத்தம் 9 இடங்களில்: ஏசாயாவில் 4, எரேமியாவில் 2, ஓசியாவில் 2, சங்கீதத்தில் 1. சங்கீதத்தில் உள்ளது மட்டுமே கல். மற்ற எட்டும் ஹிஃபில், எட்டும் தீர்க்கதரிசிகளின் வாயிலிருந்து வருபவை. அந்த எட்டையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இந்த வினை தன் காலில் தனியாக நிற்கவில்லை. இன்னொரு வினையைத் தோளில் சுமந்துகொண்டு நிற்கிறது. எரேமியாவில் குடியிருத்தல், ஓசியா 9-இல் கெடுத்தல், ஏசாயா 29:15-இல் மறைத்தல். உண்மையான செயல் அந்தச் சுமக்கப்படும் வினைதான். ஹிஃபில் அந்தச் செயல் எவ்வாறு நடந்தது என்பதை மட்டும் சொல்கிறது. எதை ஆழமாக்கினார்கள் என்று நீங்கள் தேடிய செயப்படுபொருள் அங்கே இல்லாததற்குக் காரணம் அதுதான்: அவர்கள் ஆழமாக்கியது அந்தச் செயலையே.

இது இந்த ஒரு வேருக்கு மட்டும் உரிய விந்தையன்று. 1 சாமுவேல் 1:12-இல் அன்னாள் ஹிர்பெதா லெஹித்பல்லேல், அதாவது ‘ஜெபிக்கப் பெருக்கினாள்’. பொருள், வெகுநேரம் ஜெபித்தாள். சங்கீதம் 126:3-இல் ஹிக்தீல் லஅசோத், ‘செய்யப் பெரிதாக்கினார்’. பொருள், பெரிய காரியங்களைச் செய்தார். எரேமியா 1:12-இல் ஹேதவ்தா லிர்ஓத், ‘பார்க்க நன்றாக்கினாய்’. பொருள், நன்றாய்க் கண்டாய். யோபு 5:7 இன்னும் அழகு: யக்பீஹூ ஊஃப், ‘பறக்க உயரமாக்குகின்றன’, பொருள், உயரப் பறக்கின்றன.

கடைசி எடுத்துக்காட்டை எழுதும்போதே விடை உங்கள் கண்ணில் பட்டிருக்கும். ‘உயரப் பறக்கின்றன’. எபிரெயம் ஹிஃபிலை வைத்துச் செய்யும் வேலையை நாம் எச்சத்தை வைத்துச் செய்கிறோம். ‘அகல உழுவதைவிட ஆழ உழு’ என்று வயலில் சொல்வார்கள். அந்த ‘ஆழ’வும் ‘அகல’வும் செய என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள்தாமே? வினையை வினையால் அடைகொளுத்துவது நமக்கு இயல்பாகவே வருகிறது. ஆங்கிலத்தின் வழியாக எபிரெயம் கற்பவருக்கு வினையடையாகத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும் இடத்தில், தமிழர் நேராகவே போய்விடலாம். உங்கள் குறிப்பேட்டுச் சூத்திரத்தை அடித்துவிட வேண்டாம். பக்கத்தில் ‘சில ஹிஃபில்கள் நம் செய, செய்து எச்சங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், போதும்.

கிணற்றடி:

வேரடி ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. எட்டில் எத்தனைக்கு அந்த விளக்கம் பொருந்தும் என்பதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். முதலில் மூன்று புள்ளிக் கேள்வி, அதற்கு இன்னும் எவரும் விடை சொல்லவில்லை.

பனைநிழல் ஐயா, உங்கள் கண்ணில் குறையில்லை, பூதக்கண்ணாடியிலும் குறையில்லை. ஹிஃபிலின் முற்றுப்பெற்ற வடிவம் அயின் போன்ற தொண்டையெழுத்தில் தொடங்கும் வேர்களில் ஹே அடியில் செகோல் என்னும் மூன்று புள்ளியை ஏற்கும். ஏவல் பத்தாஹ் என்னும் கோட்டை ஏற்கும். ‘ஆமென்’ என்ற சொல் பிறந்த வேரில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பார்க்கலாம். சங்கீதம் 78:22-இல் லோ ஹெஎமீனூ, ‘அவர்கள் நம்பவில்லை’, மூன்று புள்ளி. 2 நாளாகமம் 20:20-இல் யோசபாத் தன் மக்களைப் பார்த்து ஹஅமீனூ, ‘நம்புங்கள்’ என்கிறான், கோடு. ஆகவே எரேமியா 49:8-இல் உள்ளது வடிவத்தால் ‘ஆழமாக்கினார்கள்’தான்.

ஆனால் அந்த வசனத்தின் முதல் சொல் நுசூ, ‘ஓடுங்கள்’. இது ஐயத்துக்கிடமற்ற ஏவல்; ‘ஓடினார்கள்’ என்றால் நாசூ என்று இருந்திருக்கும். சற்றுக் கீழே 30-ஆம் வசனத்தில் காத்சோரின் குடிகளுக்கும் இதே தொடர் வருகிறது: நுசூ, நுதூ மெஓத், ஹெ-மீக்கூ லாஷெவெத். இரண்டு ஏவல்கள் முன்னால் நிற்க, மூன்றாவதும் ஏவலாக இருப்பதே பேச்சின் ஓட்டம். கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பும் 8-ஆம் வசனத்தில் இந்தச் சொல்லை ஏவலாகவே கொண்டிருக்கிறது. உயிர்ப்புள்ளிகள், வேத பாடத்தைக் காத்துவந்த யூத அறிஞர்களான பிற்காலத்து மசோரெத்தர் இட்டவை. எரேமியாவின் காலத்து எழுத்தில் மெய்கள் மட்டுமே இருந்தன, அந்த மெய்களை ஏவலாகவும் வாசிக்கலாம், முற்றாகவும் வாசிக்கலாம். ஒரே அதிகாரத்தில் இரண்டு இடத்திலும் ஒரே செகோல் இருப்பதால், இதைக் கைத்தவறு என்று ஒதுக்காமல், ஏவலிலும் சில வேளை செகோல் வரும் என்று இலக்கணிகள் எடுத்துக்கொண்டார்கள். நானும் அவ்வாறே கொள்கிறேன். லாஷெவெத் என்பது யாஷாவ் (குடியிருந்தான்) என்பதன் வினைப்பெயரோடு ‘ல’ என்னும் முன்னொட்டு சேர்ந்தது. வேரின் முதல் எழுத்தாகிய யோத் அதில் உதிர்ந்துபோயிருக்கிறது, ஆகவே அகராதியில் தேடும்போது யோத்தைச் சேர்த்துத் தேடுங்கள்.

வடிவத்தைப் பற்றிய இன்னொரு சிக்கல் ஏசாயா 7:11-இல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வினையின் கதை பாதிதான். யூதாவின் அரசன் ஆகாஸ், சீரியாவும் எப்பிராயீமும் கூட்டுச் சேர்ந்து எருசலேமின்மேல் வந்திருக்கும் நேரத்தில், அடையாளம் ஒன்றைக் கேட்கும்படி சொல்லப்படுகிறான்: ஹ-மேக் ஷெஆலா, ஓ ஹக்பேஅஹ் லெமாலா. ஹ-மேக் என்பது ஒருமை ஏவலாகவும் இருக்கலாம், காலமும் இடமும் காட்டாத வினைப்பெயராகவும் இருக்கலாம். இந்த வேரில் இரண்டும் ஒரே உருவம். துணைக்கு வருவது எதிரில் நிற்கும் ஹக்பேஅஹ். அது ஏவலாயிருந்தால் ஹக்பஹ் என்று குறுகியிருக்கும்; நீண்ட ஏகாரம் அதை வினைப்பெயர் என்று காட்டிக்கொடுக்கிறது. இணையில் ஒன்று அப்படியானால் மற்றதும் அப்படியே. ஆகவே ‘ஆழமாக்கு, கேள்’ என்று இரண்டு கட்டளைகளாகப் பிரிக்காமல், ‘ஆழப் போயோ உயர ஏறியோ கேள்’ என்று வாசிப்பதே தகும். இங்கும் வேரடி ஐயாவின் எச்சம்தான் வெல்கிறது.

அடுத்த சொல்லான ஷெஆலா மொழிபெயர்ப்பாளர்களைப் பழங்காலத்திலேயே இரண்டு அணியாக்கியது. உள்ளபடி வாசித்தால் ‘கேள்’ என்னும் நீட்டிய ஏவல். ஒரே ஓர் உயிரை மாற்றி ஷெஓலா என்று வாசித்தால் ‘பாதாளத்துக்கு’. அக்குயிலா, சிம்மாக்கு, தெயொதோத்தியன் ஆகிய மூன்று கிரேக்கப் பெயர்ப்பாளர்களும் பாதாளத்தின் பக்கம் நின்றார்கள். எரோனிமுவின் லத்தீன் பெயர்ப்பும் பாதாளத்தின் ஆழம் என்றே சொல்கிறது. எதிரே ‘மேலே’ என்று திசை இருப்பதால் இங்கும் திசை வேண்டும் என்பது அவர்கள் பக்க நியாயம். ஷெஓல் என்ற சொல்லின் எதிரொலி கேட்பவர் காதில் விழவேண்டும் என்றே தீர்க்கதரிசி இந்தச் சொல்லைத் தேர்ந்தார் என்பது என் எண்ணம்; மசோரெத்தரின் வாசிப்பை மாற்றாமலே அந்த எதிரொலி விழுகிறது.

மறுப்பை இப்போது சொல்கிறேன். எட்டையும் எச்சமாக்கிவிட முடியாது. ஏசாயா 30:33-இல் தோப்பேத் என்னும் எரியிடத்தைப் பற்றி ஹெ-மீக் ஹிர்ஹீவ் மெதுராதாஹ் என்று வருகிறது. மெதுரா என்பது விறகு அடுக்கிய தீக்குவியல். அதற்கான இடத்தை ஆழமாக்கினார், அகலமாக்கினார். இது கடப்பாரை கொண்டு மண்ணைத் தோண்டும் நேரான பிறவினை. பனைநிழல் ஐயாவின் பழைய சூத்திரம் இங்கே ஓர் எழுத்தும் பிசகாமல் பொருந்துகிறது. ஏசாயா 31:6-இலும் ஹெ-மீக்கூ சாரா என்று வருகையில், சாரா என்பது விலகலைக் குறிக்கும் பெயர்ச்சொல், அதாவது செயப்படுபொருள், விலகலை ஆழமாக்கினார்கள். இதைத் தமிழில் ‘முற்றிலும் விலகினார்கள்’ என்று மாற்றிக்கொள்வது பெயர்ப்பவரின் உரிமை, ஆனால் எபிரெயத்தின் கட்டமைப்பு அதுவன்று.

பனைநிழல்:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு எட்டு இடங்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஏசாயா 29:15-இல் ஹம்மஅமீக்கீம் மெஅதோனாய் லஸ்தீர் ஏத்சா என்ற தொடரில் லஸ்தீர் எந்த வடிவம் என்று பிடிபடவில்லை. மேலும், ஒரு வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் ஒருவர், ஏமெக் என்றால் பள்ளத்தாக்கு, அது இதே வேர், ஆகவே ஹெ-மீக்கூ என்றால் ‘பள்ளத்தாக்கில் இறங்குங்கள்’ என்றுதான் பொருள் என்று அடித்துச் சொன்னார். எனக்கு நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் தெரியவில்லை.

தூண்டில்முள்:

ஏமெக் பற்றி நான் சொல்கிறேன், சுருக்கமாக. எபிரெயத்தில் பள்ளத்தாக்குக்குச் சொல் ஒன்றல்ல. மலையிடுக்குக்குக் காய் என்பார்கள். எருசலேமின் இன்னோம் பள்ளத்தாக்கு அவ்வகை. மழைக்காலத்தில் வெள்ளம் ஓடி, கோடையில் வறண்டுகிடக்கும் ஓடைக்கு நஹல் என்பார்கள். ஏமெக் என்பது மலைகளுக்கு நடுவே அகன்று தாழ்ந்து கிடக்கும் வெளி. அங்கே கோதுமை விளையும், தேர் ஓடும். யெஸ்ரயேல் வெளி ஓர் ஏமெக். தாவீதும் கோலியாத்தும் எதிர்ப்பட்ட ஏலா வெளியும் ஏமெக். யூதா கோத்திரத்தார் மலைநாட்டைப் பிடித்தும் ஏமெக்கில் குடியிருந்தவர்களைத் துரத்த முடியாமற்போனதற்கு அவர்களுடைய இருப்பு ரதங்களே காரணம் என்று நியாயாதிபதிகள் 1:19 சொல்கிறது. நம் தமிழ் வேதத்தில் இந்தச் சொற்கள் எல்லாம் பெரும்பாலும் ‘பள்ளத்தாக்கு’ என்ற ஒரே குடையின்கீழ் ஒதுங்கிவிடுவதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை.

தேரும் படையும் இலகுவாய் வந்து சேரும் இடத்தில் போய்ப் பதுங்கு என்று தப்பியோடுகிறவனிடம் யார் சொல்வார்கள்? பெயர்ச்சொல்லும் வினையும் ஒரே வேரில் பிறந்தவை என்பதால் ஒன்றின் பொருளை மற்றதன் தலையில் ஏற்றிவிடலாகாது. ஆழ்வார் என்ற சொல்லில் ஆழ் இருக்கிறது என்பதற்காக அவர்களைக் கிணறு வெட்டுகிறவர்கள் என்று நாம் சொல்வதில்லை.

வேரடி:

கிணற்றடி ஐயாவின் மறுப்பை ஏற்கிறேன். 30:33-ஐ நான் எண்ணிப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

லஸ்தீர் என்பது லெஹஸ்தீர் என்பதன் சுருக்கம். ‘ல’ வந்து ஒட்டும்போது ஹிஃபில் வினைப்பெயரின் ஹே சில இடங்களில் விழுந்துவிடும், இங்கே விழுந்துவிட்டது. ஆகவே ‘மறைக்க ஆழமாக்குகிறவர்கள்’, அதாவது தங்கள் ஏத்சாவை, ஆலோசனையை, கர்த்தருக்குத் தெரியாதபடி ஆழ ஒளித்துவைக்கிறவர்கள். ஹம்மஅமீக்கீம் என்பது நம் வினையாலணையும் பெயரைப் போன்றது.

இந்த வசனத்தைத் தனியாக வாசிக்க வேண்டாம். நீதிமொழிகள் 20:5 மனிதனுடைய இருதயத்திலுள்ள ஏத்சா ஆழமான தண்ணீர், மாயிம் அமுக்கீம், என்கிறது. விவேகி அதை மொண்டெடுப்பான் என்று முடிக்கிறது. அங்கே வரும் தாலா என்னும் வினை கிணற்றில் வாளி விட்டு நீர் சேந்துவதற்கான சொல். அதே ஏத்சா, அதே ஆழம். ஒரு வாசகத்தில் ஒருவன் கயிற்றோடு கிணற்றடியில் நிற்கிறான். மற்றதில் சிலர் கயிறு எட்டாத ஆழத்துக்கு அதை இறக்குகிறார்கள், யார் நம்மைக் காண்கிறான் என்றும் கேட்டுக்கொள்கிறார்கள். தானியேல் 2:22 அரமேயத்தில் இருந்தாலும் இந்தக் கேள்விக்கு விடைபோல ஒலிக்கிறது: அவர் அமீக்காதாவையும் மெஸத்தெராதாவையும், ஆழமானவற்றையும் மறைக்கப்பட்டவற்றையும், வெளிப்படுத்துகிறவர். ஏசாயா சேர்த்து வைத்த ஆழம், மறைவு என்னும் இரண்டு வேர்களே அங்கும் இணையாக வருகின்றன.

ஓசியா 5:2-ஐ நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தாளில் எழுதியபோது தடுக்கியிருக்கும். வெஷஹதா சேதீம் ஹெ-மீக்கூ என்ற அந்தத் தொடரை உள்ளபடி பெயர்த்தால் ‘வழிவிலகினவர்கள் வெட்டுதலில் ஆழ்ந்துபோனார்கள்’ என்பதுபோல ஏதோ ஒன்று கிடைக்கும். அதற்கு முந்தைய வசனத்தில் மிஸ்பாவில் கண்ணி, தாபோரின்மேல் வலை என்று வேட்டைக் கருவிகள் இரண்டு வந்திருக்கின்றன. மூன்றாவதாகக் குழி வரவேண்டும் என்று காது எதிர்பார்க்கிறது. மெய்யெழுத்துகளில் தேத் என்னும் எழுத்து ஒன்றைத் தாவ் என்னும் எழுத்தாக்கி, முதல் சொல்லின் கடைசி ஹேயை அடுத்த சொல்லின் தலையில் வைத்துவிட்டால், ஷஹத் ஹஷ்ஷித்தீம், ‘சித்தீமின் குழி’ என்று வந்துவிடுகிறது. சித்தீமில் குழியை ஆழமாக்கினார்கள். எண்ணாகமம் 25-இல் இஸ்ரவேலர் வழுக்கி விழுந்த இடம் அதே சித்தீம். திருத்தி வாசிப்பதில் எனக்குப் பொதுவாக விருப்பமில்லை, ஆனால் இந்தத் திருத்தத்தை மறுக்க மனம் வரவில்லை. இதை ஏற்றால் கிணற்றடி ஐயாவின் நேரான பிறவினைக் கணக்கில் இன்னொன்று கூடும்.

கிணற்றடி:

கூடட்டும். எனக்கு வருத்தமில்லை.

தேதானுக்குத் திரும்புகிறேன், ஏனெனில் இலக்கணம் தீர்ந்தபின்னும் தமிழ் தீரவில்லை. நாம் ஆழம் என்றால் கீழ்நோக்கியே நினைக்கிறோம்: கிணறு, கடல், குழி. கிடைமட்டமாகத் தொலைவுக்குள் போவதற்கு நமக்கு வேறு சொல் இருக்கிறது. உள்காடு என்கிறோம், நடுக்காடு என்கிறோம். தேதான் அரேபியாவின் வடமேற்கில், இன்றைய அல்-உலா அருகே, வணிகக் கூட்டங்கள் தங்கிச் சென்ற சோலை. ஏசாயா 21:13 தேதானியரின் பயணக்கூட்டங்களைப் பேசுகிறது. 49:31-இல் சொல்லப்படும் காத்சோர்க் குடிகளுக்குக் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. இது கலிலேயாவிலுள்ள கோட்டை நகரமன்று, கேதார் என்னும் நாடோடிக் குலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பாலைவெளிக் குடிகள். இவர்களுக்கு ‘ஆழக் குடியிரு’ என்றால், பாதையைவிட்டு விலகி, துரத்துகிறவன் வர அஞ்சும் உட்பகுதிக்குப் போய்விடு என்பதே பொருளாக முடியும். குகைக்குள் ஒளிந்துகொள்ளச் சொல்கிறது என்பாரும் உண்டு. தேதானுக்கு அது ஒத்துவரலாம், கூடாரவாசிகளுக்கு எனக்குப் பொருந்தித் தோன்றவில்லை.

இதே அதிகாரத்தின் 16-ஆம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கன்மலை வெடிப்புகளில் வாழும் ஏதோமைப் பார்த்து, தக்பீஅஹ் கன்னேஷெர் கின்னேகா, கழுகைப்போல உன் கூட்டை உயர்த்தினாலும் அங்கிருந்து இறக்குவேன் என்கிறது. ஆகாஸிடம் சொல்லப்பட்ட உயரமும் ஆழமும் இங்கே இரண்டு மக்களுக்குப் பங்கிடப்பட்டிருக்கின்றன. ஏதோமின் ஹிஃபிலுக்குக் கூடு என்ற செயப்படுபொருள் இருக்கிறது, தேதானின் ஹிஃபிலுக்கு இல்லை. ஒரே அதிகாரத்தில் இரண்டு வகையும் கிடைப்பதால், புதிதாகப் படிப்பவருக்குப் பாடம் சொல்ல இதைவிட ஏற்ற இடம் எனக்குத் தெரியாது.

பனைநிழல்:

என் குறிப்பேட்டில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். எரேமியா 49:8: ‘ஓடுங்கள், திரும்பிப் போங்கள், உள்ளே ஆழப்போய்த் தங்குங்கள், தேதானின் குடிகளே.’ ஓசியா 9:9: ‘கிபியாவின் நாட்களிற்போல ஆழ்ந்து கெட்டார்கள்.’

வேரடி:

முதலாவதில் ‘ஆழ’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘உள்ளே போய்த் தங்குங்கள்’ என்றே விட்டுவிடலாம், கிணற்றடி ஐயா சொன்ன காரணத்துக்காகவே. நடுவில் உள்ள ஹொஃப்னூ செயப்பாட்டு வடிவம். ‘திரும்பிப் போங்கள்’ என்று அதை எளிதாகக் கடந்துவிட்டீர்கள், அதற்குத் தனி இழை தொடங்கினால் நல்லது. இரண்டாவதில் ஷிஹெதூ செயப்படுபொருள் குன்றாத வினை, ‘கெடுத்தார்கள்’. எதை என்று வாக்கியம் சொல்லவில்லை. தங்களையே என்று கொள்வதானால் ‘ஆழ்ந்து கெட்டார்கள்’ நிற்கும். கிபியா என்பது நியாயாதிபதிகள் 19-இல் அவ்வூரில் ஒரு பெண் சீரழிக்கப்பட்டு மடிந்த அந்த இரவைக் குறிக்கிறது. அதை ஒருமுறை படித்துவிட்டு, ‘மிகவும்’ என்ற சொல் போதுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.